ஸ்காண்டர்பெக்கைச் சூழ்ந்திருந்தவர்கள்: அல்பேனியப் பயணக் குறிப்புகள்

செவ்வாய்க்கிழமை, டிரானாவும் பெட்ரெலாவும்

டிரானா நகரின் நடுச் சதுக்கத்தில் குதிரைமீது வீற்றிருக்கும் வெண்கலச் சிலை 1968ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஜெர்ஜ் கஸ்திரியோட்டி என்ற இயற்பெயரைவிட ஸ்காண்டர்பெக் என்ற பெயரால் உலகம் அறிந்த அந்தப் படைத்தலைவர் மறைந்து அப்போது 500 ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. அல்பேனியாவுக்கு வருபவர் எவரும் அவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சதுக்கத்துக்கும் அவர் பெயர்தான். நாட்டின் கொடியிலுள்ள இருதலைக் கழுகும் அவருடைய குலச் சின்னம்தான். முஸ்லிம்கள், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், கத்தோலிக்கர்கள் என எல்லோரும் அவரைத் தங்களவராகவே கொண்டாடுகிறார்கள்.

வடக்கு மலைப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜோன் கஸ்திரியோட்டியின் மகனாக 1405ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், தந்தை சுல்தானுக்குக் கட்டுப்பட்டு நடப்பார் என்பதற்குப் பிணையாக இளமையிலேயே உதுமானிய அரண்மனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே முஸ்லிமாக வளர்ந்து, போர்ப்பயிற்சி பெற்று, சுல்தான் இரண்டாம் முராதின் படையில் உயர்பதவிகள் வகித்தார். 1443 நவம்பரில் நீஷ் நகருக்கு அருகே ஹங்கேரியத் தளபதி ஹுன்யாடியுடன் உதுமானியர் பொருதியபோது, 300 அல்பேனியக் குதிரைவீரர்களோடு சுல்தானின் படையை விட்டு விலகினார். நேரே தாய்நாடு வந்து, சுல்தான் பெயரால் எழுதப்பட்ட போலி ஆணை ஒன்றைக் காட்டிக் க்ரூயா கோட்டையைக் கைக்கொண்டார். அன்று மூண்ட எதிர்ப்பு, இடையில் சில குறுகிய கால உடன்படிக்கைகள் நீங்கலாக, 1468 ஜனவரி 17 அன்று அவர் இறக்கும்வரை நீடித்தது.

சிறிய மலைநாடு ஒன்று, அன்றைய உலகின் மிக வலிய படையை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எப்படித் தாங்கியது? அவருடைய வீரத்தைச் சொல்லும் நூல்களை எத்தனை படித்தாலும், என் கண் போய் நிற்பது அவரைச் சூழ்ந்திருந்த குடும்பங்கள்மீதுதான். சகோதரி, மைத்துனர், மாமனார், மனைவி, அண்ணன் மகன், நண்பர்கள் ஆகியோர் கூடி நின்றபோது நாடு நின்றது. அவர்களுள் ஒருவர் விலகியபோதெல்லாம் அது ஆட்டம் கண்டது. அந்த மனிதர்களின் இடங்களைத் தேடிச் செல்வதற்காகவே இந்தப் பயணத்தை வகுத்துக்கொண்டேன்.

ஆகவே முதலில் பெட்ரெலாவுக்குச் சென்றேன். டிரானாவுக்குத் தெற்கே, எர்ஸென் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கியபடி, செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்கும் சிறிய கோட்டை அது. ஊரின் கடைத்தெருவிலிருந்து கற்படிகள் வழியே ஏறினால், மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே வாயிலுக்கு வந்துவிடலாம். உள்ளே இப்போது உணவகம் நடக்கிறது. ஸ்காண்டர்பெக்கின் சகோதரி மாமிட்சா இந்தக் கோட்டையைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார் என்பது மரபு. க்ரூயாவுக்கும் இதற்கும் இடையே இரவில் தீ மூட்டிச் செய்தி அனுப்பினார்கள் என்றும் சொல்கிறார்கள். மேல்தளத்தில் நின்று பார்த்தபோது அதை நம்பத் தோன்றியது. தெற்கிலிருந்து வரும் பாதை முழுவதும் கண்ணுக்கு எட்டுகிறது.

மாமிட்சாவுக்கும் முசாக்கா தோப்பியாவுக்கும் 1445இல் திருமணம் நடந்தது. தோப்பியா குடும்பத்தோடு உறவை இறுக்கிக்கொள்வதற்காக ஸ்காண்டர்பெக் செய்த ஏற்பாடு அது. அதே விருந்தில்தான் பின்னாளைய பெரும் பகை ஒன்று முளைவிட்டது என்று ஸ்காண்டர்பெக்கின் வரலாற்றை எழுதிய மரின் பார்லெட்டி சொல்கிறார். இரீனா டுஷ்மானி என்ற பெண்ணை முன்னிட்டு லெக் டுகாஜினி, லெக் ஸகாரியா என்ற இரு தலைவர்கள் அங்கே மோதிக்கொண்டார்கள், இரத்தம் சிந்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஸகாரியா கொல்லப்பட்டார். பழி டுகாஜினிமீது விழுந்தது.

ஸகாரியாவுக்கு வாரிசு இல்லை. டான்யா என்னும் அவருடைய கோட்டையை அவர் தாய் வெனிஸ் குடியரசிடம் ஒப்படைத்தார். அது தனக்கே உரியது என்று ஸ்காண்டர்பெக் உரிமை கொண்டாட, வெனிஸுடன் போர் மூண்டது. 1448 கோடையில் அவர் டிரின் ஆற்றங்கரையில் வெனிஸ் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, கிழக்கு எல்லையில் ஸ்வெடிகிராட் கோட்டையை முராத் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். வெனிஸ் அரசு ஸ்காண்டர்பெக்கின் தலைக்கு விலையும் வைத்தது. கடைசியில் அக்டோபரில் சமாதானமாகி, டான்யாவை வெனிஸே வைத்துக்கொள்வதென்றும் அதற்கு ஈடாக ஆண்டுக்கு 1,400 டுகாட் பொன் தருவதென்றும் முடிவானது. ஒரு கல்யாண வீட்டுச் சண்டை நாட்டின் கிழக்கு வாயிலையே திறந்துவிட்டது என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. வரலாறு அத்தனை நேர்க்கோடாக இருப்பதில்லை என்பது தெரியும். வெனிஸுக்கு அந்தக் கடற்கரை மீது முன்பிருந்தே கண் இருந்தது. எனினும் குடும்பப் பகையும் அரசியலும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடந்த சமூகம் அது.

புதன்கிழமை, க்ரூயா

டிரானாவிலிருந்து ஃபூர்கோன் என்னும் சிற்றுந்தில் புறப்பட்டேன். ஆள் நிரம்பியதும் கிளம்பும் வண்டி அது. சமவெளியை விட்டு ஃபூஷே க்ரூயாவில் திரும்பியதும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஊரின் பின்னால் சுவர்போல மலை நிற்க, அதன் அடிவயிற்றில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைமேல் கோட்டை அமர்ந்திருக்கிறது. முன்புறம் சமவெளியும், தெளிவான நாளில் அதற்கு அப்பால் ஏட்ரியாட்டிக் கடலும் தெரியும். இன்று கடல் வெளிறிய கோடாகத் தெரிந்தது.

கோட்டைக்குப் போகும் வழி பழைய கடைத்தெருவின் ஊடே செல்கிறது. இருபுறமும் மரக்கூரைகள் கீழே தாழ்ந்து ஒன்றையொன்று தொடும் நிலையில் இருக்கின்றன. நடுவில் உருளைக்கற்கள் பாவிய சரிவான பாதை. சுற்றுலாப் பயணிகளுக்கான காந்த வில்லைகளும் சாவிக்கொத்துகளும் குவிந்திருக்கும் கடைகளுக்கு இடையே, கெலெஷே என்னும் வெள்ளைக் கம்பளித் தொப்பி செய்பவரின் கடை இருந்தது. ஈரக் கம்பளியைச் சோப்பு நீரில் தோய்த்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியானதும் மரக்கட்டைமீது கவிழ்த்து வடிவம் கொடுக்கிறார். தையல் எங்கும் கிடையாது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, பாதி முடிந்த தொப்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். நனைந்த கம்பளி எதிர்பார்த்ததைவிடக் கனமாகவும் சூடாகவும் இருந்தது.

கோட்டைக்குள் இருக்கும் ஸ்காண்டர்பெக் அருங்காட்சியகம் 1982இல் திறக்கப்பட்டது. அன்றைய ஆட்சியாளர் என்வர் ஹோஜாவின் மகள் பிரன்வேரா ஹோஜாவும் பிர்ரோ வாசோவும் அதை வடிவமைத்தார்கள். பழங்கோட்டையின் சாயலில் எழுப்பிய புதுக்கட்டடம். நுழைந்தவுடன் தோழர்கள் புடைசூழ நிற்கும் ஸ்காண்டர்பெக்கின் மாபெரும் சிற்பத் தொகுதி நம்மை எதிர்கொள்கிறது. ஆட்டுத்தலை பொறித்த தலைக்கவசமும் வாளும் இங்கே மாதிரிகளாக இருக்கின்றன. அசல்கள் வியன்னாவில் உள்ளன. எல்லைகள் மூடிக் கிடந்த ஒரு சிறு நாடு, தன்னந்தனியாக நிற்பதற்கு ஒரு முன்னோரைத் தேடிக்கொண்ட இடமாகவே அந்தக் கட்டடம் எனக்குப் பட்டது. அதனால் அதில் வெற்றிகள் உரத்துப் பேசுகின்றன. கூட்டாளிகள் விலகிச் சென்ற கதைகளுக்கு அங்கே அவ்வளவு இடமில்லை.

அருங்காட்சியகத்தைவிட மதிலோரமாக நடப்பதில் நான் கற்றுக்கொண்டது அதிகம். 1450 மே மாதத்தில் முராத் தன் மகன் மெஹ்மதையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய படையின் அளவாகப் பார்லெட்டி தரும் எண்ணிக்கை நம்பத்தக்கதன்று. ஆனால் உள்ளே இருந்தவர்களைப்போலப் பல மடங்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. உதுமானியர் பீரங்கிகளை இங்கேயே வார்த்தார்கள். மதிலில் உடைப்பு விழுந்தது; உடைப்பு வழியே ஏறியவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை.

அப்போது கோட்டைக்குள் ஸ்காண்டர்பெக் இல்லை. இதை இங்கே வரும் பலர் கவனிப்பதில்லை. தன் தலைநகரை அவர் வ்ரானா கோன்டி என்ற முதிய தளபதியிடம் ஒப்படைத்துவிட்டு, படையின் பெரும்பகுதியோடு மலைக்குப் போய்விட்டார். பீரங்கி பயனளிக்காததைக் கண்ட முராத், வ்ரானாவுக்குப் பெரும்பொருளும் உயர்பதவியும் தருவதாக ஆசை காட்டினார். அவர் அசையவில்லை. நாலாபுறமும் கூட்டாளிகள் கைநழுவிக்கொண்டிருந்த ஆண்டு அது. கதவைத் திறந்துவிட்டுச் செல்வராக வாழ்ந்திருக்கலாம். அருங்காட்சியகச் சிற்பத்தில் நடுநாயகமாக நிற்பவர் ஸ்காண்டர்பெக்தான், அது முறைதான். ஆனால் 1450இல் க்ரூயாவைக் காத்தவர் யார் என்று என்னைக் கேட்டால் வ்ரானாவின் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

இன்றிரவு கோட்டை மதிலுக்குள்ளேயே ஒரு வீட்டில் தங்குகிறேன். இங்கே இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன.

வியாழக்கிழமை, க்ரூயாவின் மலைமேல்

காலையில், ஊருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் மலைக்குச் சென்றேன். உச்சிக்கு அருகே சாரி சால்டிக் என்னும் ஞானியின் பெயரால் பெக்தாஷி சூஃபிகள் போற்றும் குகைத் தலம் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக் கடந்து விளிம்புக்கு வந்தபோது, நேற்று நான் நடந்த கோட்டை முழுவதும் காலடியில் கிடந்தது.

ஸ்காண்டர்பெக்கின் போர்முறையை இந்த இடத்திலிருந்து பார்த்தால் விளக்கமே வேண்டியதில்லை. கீழே கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் முற்றுகைப் படைக்கு, தன் தலைக்கு மேலே இருப்பது என்னவென்று தெரியாது. மேலே இருப்பவருக்குக் கீழே எரியும் ஒவ்வோர் அடுப்பும் தெரியும். அவர் தம் வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரே இடத்தில் தங்காமல், இரவில் முகாம்களைத் தாக்கியும் உணவு கொண்டுவரும் வண்டிகளை மறித்தும் வந்தார். வெனிஸ் வணிகர்கள் முற்றுகையிட்டவர்களுக்குப் பண்டங்கள் விற்றுக்கொண்டிருந்ததால் அவர்களுடைய சரக்குகளும் தப்பவில்லை. குளிர் நெருங்கிய அக்டோபரில் முராத் முற்றுகையை விலக்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த பிப்ரவரியில் எதிர்னேயில் இறந்தார்.

வென்ற பிறகு ஸ்காண்டர்பெக்கின் நிலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளைநிலங்கள் பாழாகியிருந்தன, மக்கள் பசியில் இருந்தார்கள், க்ரூயாவைத் தவிர அவர் கையில் மிஞ்சியது சொற்பம். ரகூசாவிடம், அதாவது இன்றைய டுப்ரோவ்னிக் நகரத்தாரிடம், உதவி கேட்டுப் போனார். 1451 மார்ச்சில் நேப்பிள்ஸ் அரசர் அல்போன்சோவுடன் கயேட்டாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அவர் அல்போன்சோவின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டார். பதிலுக்குப் பணமும் படையும் வந்தன. விடுதலை வீரர் என்று போற்றப்படுபவர் மற்றோர் அரசனுக்கு அடங்கியவராகக் கையொப்பமிட்டதைச் சிலர் கூச்சத்தோடு கடந்து போகிறார்கள். எனக்கு அதில் கூச்சம் ஏதும் தோன்றவில்லை. பட்டினி கிடக்கும் கோட்டைக்குத் தானியம் வேண்டும்.

மலையிலிருந்து வடக்கே நோக்கினால் அல்புலேனாப் போர் நடந்த திசை. அந்தப் போரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் எதிரணியில் நின்றவர்களுள் ஒருவர் ஹம்சா. ஸ்காண்டர்பெக்கின் அண்ணன் மகன். நீஷ் போர்க்களத்திலிருந்து அவரோடு சேர்ந்து வெளியேறியவர். மகனில்லாத சிற்றப்பனுக்குப் பின் தானே வாரிசு என்று நம்பியிருந்தவர். ஸ்காண்டர்பெக்கின் மனைவி டோனிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. 1457இல் உதுமானியத் தளபதி இசாக் பெய்யோடு ஒரு பெரும்படையை அழைத்துக்கொண்டு ஹம்சா தாய்நாட்டுக்குள் நுழைந்தார்.

சிற்றப்பனின் தந்திரங்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும். ஆகவே ஸ்காண்டர்பெக் இம்முறை தந்திரமே இல்லாதவர்போல் காணாமல் போனார். படையைப் பல கூறுகளாக்கி மலைகளில் மறைத்துவிட்டு, அவர் கைவிடப்பட்டார், ஓடிவிட்டார் என்ற பேச்சு பரவும்வரை பொறுத்திருந்தார். செப்டம்பர் 2 அன்று, காவல் தளர்ந்திருந்த உதுமானிய முகாம்மீது ஒரே நேரத்தில் எல்லாத் திசைகளிலிருந்தும் பாய்ந்தார். அவருடைய வாழ்நாளின் மிகப்பெரிய வெற்றி அதுதான். சிறைப்பட்ட ஹம்சாவைக் கொல்லாமல் நேப்பிள்ஸுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு மொய்சி கொலெமி பிரிந்து போயிருந்தார். டிப்ரா எல்லைக்குக் காவலாக இருந்த, படையினர் மதித்த தளபதி. அவரும் உதுமானியப் படையோடு திரும்பி வந்து தோற்று, பின்னர் மன்னிப்புக் கேட்டு ஸ்காண்டர்பெக்கிடமே வந்து சேர்ந்தார். பழைய பதவியும் நிலமும் அவருக்குத் திருப்பித் தரப்பட்டன. 1460களின் நடுவில் எதிரியிடம் பிடிபட்டு, கான்ஸ்டான்டினோபிளில் தோலுரித்துக் கொல்லப்பட்டார். அவரைப் பிடித்த தளபதி பல்லாபான், பிறப்பால் அல்பேனியர். சிறுவயதில் உதுமானியர் படைக்கு எடுத்துச் சென்று வளர்த்த எத்தனையோ பிள்ளைகளுள் ஒருவர். ஸ்காண்டர்பெக்கின் இளமையும் ஏறத்தாழ அப்படித்தான் கழிந்தது என்பதை மறந்துவிட்டு பல்லாபானைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1466இல், முராதுக்குப் பின் சுல்தானான அவர் மகன் இரண்டாம் மெஹ்மத் க்ரூயாவை மறுபடி முற்றுகையிட்டு, பல்லாபானை இங்கே நிறுத்திவிட்டு, தெற்கே எல்பசானில் புதுக்கோட்டை ஒன்றை எழுப்பினார். அது கழுத்தில் விழுந்த சுருக்கு. அந்தக் குளிர்காலத்தில் ஸ்காண்டர்பெக் ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் போய்ப் பணம் கேட்டு நின்றார், கிடைத்தது கொஞ்சம். ஆனால் 1467 வசந்தத்தில் அவர் க்ரூயாவை மீட்க வந்தபோது உடன் வந்து தோள்கொடுத்தவர் லெக் டுகாஜினி. செவ்வாயன்று எழுதிய அந்தக் கல்யாண வீட்டுச் சண்டையின் டுகாஜினிதான் அவர். பல்லாபான் கொல்லப்பட, முற்றுகை சிதறியது.

வெள்ளிக்கிழமை, ரோடோன் முனை

கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமுனை. தார்ச்சாலை நல்லபடியாக இருக்கிறது; கடைசிப் பகுதியை நடந்துதான் கடக்க வேண்டும். வழியில் சின்னஞ்சிறிய புனித அந்தோணியார் தேவாலயமும், கம்யூனிச ஆட்சிக் காலத்துக் கான்கிரீட் பதுங்கு குழிகளும் வருகின்றன.

முதல் முற்றுகைக்குப் பிறகு ஸ்காண்டர்பெக் இங்கே கட்டிய கோட்டையின் ஒரு பகுதி இன்று நீருக்குள் கிடக்கிறது. எஞ்சிய வட்டக் கொத்தளத்தின் அடியில் நின்றால் அலை காலை நனைக்கிறது. சுண்ணச்சாந்து கரைந்துபோன இடங்களில் கற்களுக்கிடையே சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. க்ரூயாவின் மலை முதுகைக் காத்தது என்றால், இந்த முனை நேப்பிள்ஸிலிருந்து தானியமும் ஆட்களும் வந்திறங்கவும், தேவைப்பட்டால் குடும்பத்தைக் கப்பலேற்றி அனுப்பவும் வேண்டியிருந்த வாசல். இங்கே நீண்ட நேரம் இருக்கவில்லை. காற்று நிற்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அர்தெனிட்சாவும் பெராட்டும்

ஃபியெர் நகருக்கு வடக்கே, மியூசெகெச் சமவெளிக்கு நடுவில் எழும் குன்றின்மேல் அர்தெனிட்சா மடாலயம் இருக்கிறது. உயர்ந்த சைப்ரஸ் மரங்கள் வாயிலில் வரிசையாக நிற்கின்றன. 1451 ஏப்ரலில் ஸ்காண்டர்பெக் டோனிகாவை மணந்தது இங்கேதான் என்பது மரபு. 1967இல் அல்பேனிய அரசு மதங்கள் அனைத்தையும் தடை செய்து கோயில்களையும் பள்ளிவாசல்களையும் இடித்தபோது, ஸ்காண்டர்பெக்கின் திருமணம் நடந்த இடம் என்று எடுத்துச் சொன்னதால் இம்மடாலயம் தப்பியது என்கிறார்கள். உள்ளே ஸோகிராஃபி சகோதரர்கள் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் பெருமளவு நிறம் மங்காமல் இருக்கின்றன.

டோனிகாவின் தந்தை ஜெர்ஜ் அரியானிட்டியைப் பற்றி இங்கே எழுதாமல் போனால் தவறு. ஸ்காண்டர்பெக் இன்னும் சுல்தானின் அலுவலராக இருந்த 1430களிலேயே, நடு அல்பேனிய மலைகளில் உதுமானியப் படைகளை எதிர்த்து நின்று வென்றவர் அவர். எதிர்ப்பின் முதல் தீயை மூட்டியவர் என்று சொல்லத்தக்கவர். பிந்தியவரின் புகழ் அவரை மூடிவிட்டது. தன்மானம் மிக்க அந்த மூத்தவர், பின்னால் வந்தவரின் தலைமையை ஏற்பதும் விலகுவதுமாகவே இருந்தார். விலகியவரை மருமகனாகி மீட்டுக்கொண்டுவரும் முயற்சியாகவே இந்தத் திருமணத்தை வரலாற்றாசிரியர்கள் பார்க்கிறார்கள். டோனிகா என்ன நினைத்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

மாலையில் பெராட். ஓஸும் ஆற்றின் கரையில் மலைச்சரிவு முழுதும் சன்னல்களாக அடுக்கியிருக்கும் வெண்ணிற வீடுகளைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். நான் நேரே மேலே கோட்டைக்கு ஏறினேன். 1455 கோடையில் ஸ்காண்டர்பெக், நேப்பிள்ஸ் அனுப்பிய வீரர்களையும் சேர்த்துக்கொண்டு, உதுமானியர் வசமிருந்த இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். மதில் உடைந்தது, உள்ளே இருந்தவர்கள் குறித்த நாளுக்குள் உதவி வராவிட்டால் சரணடைவதாகச் சொல்லிக் கெடு வாங்கினார்கள். அதை நம்பி, முற்றுகையை மைத்துனர் முசாக்கா தோப்பியாவிடம் விட்டுவிட்டு ஸ்காண்டர்பெக் ஒரு பகுதிப் படையோடு வேறிடம் சென்றார். இசாக் பெய்யின் குதிரைப்படை திடீரென்று வந்து விழுந்தது. ஏறத்தாழ 5,000 பேர் மடிந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முசாக்கா தோப்பியாவும் அங்கேயே வீழ்ந்தார். பெட்ரெலாவில் மாமிட்சா விதவையானார்.

கோட்டைகளைக் காப்பதில் நிகரற்றவராக இருந்த அவரால், பீரங்கியும் காலாட்படையும் வைத்துக்கொண்டு கோட்டைகளைப் பிடிப்பது கடைசிவரை எளிதாக முடியவில்லை. அவரிடம் இருந்தது மலைக்காரர்களின் குதிரைப்படை; காத்திருந்து முற்றுகையிடுவதற்கு வேறு வகையான அரசும் வேறு வகையான கருவூலமும் வேண்டும். மொய்சியும் ஹம்சாவும் விலகிச் சென்றது பெராட்டுக்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளில்தான் என்பதையும் நினைத்துக்கொண்டு, மதிலோரமாக இருட்டும்வரை நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை, லெஷா

டிரின் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம். அன்றைய புனித நிக்கோலாஸ் தேவாலயம் பின்னர் பள்ளிவாசலாக மாறி, இப்போது இடிபாடாக நிற்கிறது. அதன்மேல் தூண்களை நிறுத்திக் கூரை வேய்ந்து நினைவிடமாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஸ்காண்டர்பெக்கின் மார்பளவுச் சிலை, வாள் மற்றும் தலைக்கவசத்தின் மாதிரிகள். சுவர்நெடுகப் போர்களின் பெயர்களும் ஆண்டுகளும் பொறித்த கேடயங்கள்.

1444 மார்ச் 2 அன்று அல்பேனியத் தலைவர்கள் கூடியது இதே ஊரில்தான். லெஷா அப்போது வெனிஸின் ஆட்சியில் இருந்ததால், யாருடைய வீட்டுக்கும் யாரும் போனதாக ஆகாத பொது இடம். அரியானிட்டி, டுகாஜினி, தோப்பியா, முசாக்கா, ஸகாரியா, ஸ்பானி, டுஷ்மானி ஆகிய குடும்பங்கள் வந்திருந்தன. ஸ்காண்டர்பெக்கைப் படைத்தலைவராக ஏற்றுக்கொண்டு, ஆட்களும் பணமும் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நிலம் அவரவருடையது, வரி அவரவருடையது. விரும்பும்போது விலகிக்கொள்வதையும் எவராலும் தடுக்க முடியாது. அரசனாக முடிசூட்டிக்கொள்ளாத ஒருவர், மணவுறவாலும் மன்னிப்பாலும் வற்புறுத்தலாலும் சில நேரம் மிரட்டலாலும் இந்தக் குடும்பங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அவருடைய ஆட்சி. அல்புலேனாவைவிட இதுவே பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

கூட்டணியை மறுபடி உயிர்ப்பிக்க எண்ணித் தலைவர்களை மீண்டும் இங்கே அழைத்திருந்த வேளையில்தான், 1468 ஜனவரியில் அவர் காய்ச்சலில் விழுந்து இறந்தார். மலேரியா என்பது பரவலான கருத்து. அன்று இந்தச் சமவெளி முழுதும் சதுப்பு. இந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். பின்னர் லெஷாவைப் பிடித்த உதுமானிய வீரர்கள் கல்லறையைத் திறந்து, எலும்புத் துண்டுகளை எடுத்துத் தாயத்துகளாகச் செய்து அணிந்துகொண்டார்கள் என்று பார்லெட்டி எழுதுகிறார். ஸ்காண்டர்பெக் வாயில் பார்லெட்டி வைக்கும் நீண்ட சொற்பொழிவுகளை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஷ்கோடர் முற்றுகையை நேரில் கண்டு, ஊர் இழந்து இத்தாலிக்குப் போய், அங்கிருந்து எழுதியவர் அவர். அவர் எழுதியிராவிட்டால் இந்தப் பெயர்களில் பாதியை நான் அறிந்திருக்க மாட்டேன்.

க்ரூயா இன்னும் பத்து ஆண்டுகள் வெனிஸின் பொறுப்பில் தாக்குப்பிடித்து, 1478 ஜூனில் பட்டினியால் வீழ்ந்தது. டோனிகா தன் மகனோடு முன்பே கடல் கடந்து நேப்பிள்ஸ் அரசின் ஆதரவில் வாழ்ந்துகொண்டிருந்தார். மெஹ்மத் இறந்த 1481இல், தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தவர்களை நம்பி, அந்த மகன் ஜோன் அல்பேனியாவில் வந்திறங்கிச் சில காலம் போரிட்டார். நிலைக்கவில்லை, மீண்டும் இத்தாலிக்கே போனார். அவரைப்போலவே கடல் கடந்த ஆயிரக்கணக்கானவர்களின் வழிவந்தோர், கலாப்ரியாவிலும் சிசிலியிலும் அர்பெரெஷ் என்ற பெயரில் இன்றும் தங்கள் பழைய அல்பேனிய மொழியைப் பேசிவருகிறார்கள்.